மட்டையும் குறிப்பேடும்

இடப்பக்க மார்பில் சிறு பச்சை முதலை பொறித்த சட்டையை உலகின் எந்த நகரத்துக் கடைவீதியிலும் இன்று காணலாம். அசலும் உண்டு, அதனைவிட மிகுதியாகப் போலியும் உண்டு. அந்த முதலை ஒரு மனிதரின் பட்டப்பெயர் என்பதையோ, அவர் ஒரு காலத்தில் உலகின் தலைசிறந்த டென்னிஸ் வீரராக விளங்கினார் என்பதையோ அதனை அணிவோரில் பலர் அறியார். ரெனே லாகோஸ்ட் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டை நிலைத்துவிட்டது, சட்டைக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை மறைந்துவிட்டது.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன், காரைக்கால்மேட்டில் அமர்ந்துகொண்டு பாரிஸ் நகரத்து டென்னிஸ் வீரரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1739-இல் தொடங்கி 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆளுகையில் இருந்தது. 1925-இல் லாகோஸ்ட் விம்பிள்டனில் முதன்முறையாக வென்றபோது, எங்கள் மண்ணின் மீது பறந்ததும் அவருடைய நாட்டின் மூவண்ணக் கொடிதான். பிரெஞ்சுக்காரர்கள் தெருப் பெயர்களையும் சில சொற்களையும் ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களையும் விட்டுச் சென்றார்கள். புதுச்சேரியில் இன்றும் மாலை நேரங்களில் முதியவர்கள் பெத்தாங் குண்டுகளை உருட்டி மகிழ்கிறார்கள். அந்த நாட்டின் விளையாட்டு வரலாற்றில் மிகப் பயனுள்ள பாடம் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இடைவிடாத பயிற்சி உடலைப் பழக்கும், ஆனால் சிந்தனையை மழுங்கடிக்கும் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். புதுமை என்பது பிறவிக் கொடை, அது பயிற்சியால் வருவதன்று என்று மற்றொரு சாரார் கருதுகின்றனர். நம் பள்ளிகளும் பெற்றோரும் இவ்விரு கருத்துகளுக்கும் இடையே சிக்கிப் பிள்ளைகளின் பொழுதைப் பங்கிடுகிறார்கள். இரண்டு கருத்துகளும் பிழையானவை என்பதற்கு லாகோஸ்ட்டின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவர் 1904 ஜூலை 2 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை, புகழ்பெற்ற ஹிஸ்பானோ-சூசா மோட்டார் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். வீட்டில் செல்வம் இருந்தது. பொறியியல் பேச்சும் இருந்தது. பிள்ளையிடம் உடல்வலிமை மட்டும் இல்லை. தந்தையுடன் இங்கிலாந்துக்குச் சென்ற பயணத்தில்தான், 15 வயதில், முதன்முதலாக டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். உலக வாகையர் ஆகப்போகிறவருக்கு இது தாமதமான தொடக்கம். மகன் படிப்பை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தில் இறங்க விரும்பியபோது, ஐந்து ஆண்டுகளுக்குள் உலகின் முதல்வரிசைக்கு வரவேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும் என்று தந்தை தவணை விதித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அவருடன் ஆடியவர்களைப் பார்த்தால் இவரின் நிலை புரியும். பிற்காலத்தில் 'நான்கு மஸ்கட்டியர்கள்' என்று டூமாவின் நாவலை நினைவூட்டும் பெயரால் பிரான்ஸ் கொண்டாடிய நால்வர் இருந்தனர். அவர்களுள் ழான் பொரோத்ரா வலையை நோக்கிப் பாய்ந்து ஆடுவதில் சூரர். ஆன்றி கோஷே பந்தைத் தொடும் விதத்திலேயே மேதைமையைக் காட்டியவர். ழாக் புருஞோன் இரட்டையர் ஆட்டத்தின் கலைஞர். நால்வரில் இளையவரான லாகோஸ்ட்டிடம் இத்தகைய பளிச்சிடும் வரம் எதுவும் இல்லை. ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று, வந்த பந்தையெல்லாம் பிழையின்றித் திருப்பியனுப்புவதே அவருடைய ஆட்டம். பிழையின்மை என்ற அந்த ஒன்றை அவர் முழுக்க முழுக்கப் பயிற்சியால் ஈட்டினார்.

மணிக்கணக்கில் பந்தை அடித்துப் பழகுவது அவரது அன்றாடக் கடமையாக இருந்தது. இதில் புதுமை ஒன்றுமில்லை. உழைப்பாளிகள் எல்லோரும் செய்வதுதான். அவர் கூடுதலாகச் செய்த ஒன்றுதான் அவரை வேறுபடுத்தியது. அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எதிராளி ஒவ்வொருவரின் வலிமை எது, தளர்ச்சி எது, எந்த அடிக்கு எந்த மறுமொழி தருகிறார் என்பதையெல்லாம் கவனித்து எழுதிவைத்தார். பார்வையாளராக அமர்ந்த ஆட்டங்களும் அவருக்குப் பாடமாயின. இந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் டென்னிஸ் உலகில் கதைபோலப் பேசப்பட்டது. பின்னர் 1928-இல் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி அவர் நூலே எழுதினார்.

இங்கே என் துறையிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குறைந்துசெல் விளைவு விதியைப் பொருளாதாரத்தின் முதல் பாடமாக நாங்கள் கற்பிப்போம். ஒரே நிலத்தில் உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்திற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டை உரமும் முந்தையதைவிடக் குறைவாகவே விளைச்சலைக் கூட்டும். பயிற்சிக்கும் இது பொருந்தும். ஆயிரம் முறை அடித்த பந்தை ஆயிரத்தோராவது முறையும் அதே விதமாக அடித்தால் கிடைக்கும் பயன் சிறிது. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1962-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்தார். விமான உடற்பகுதிகளைக் கட்டும் தொழிற்சாலைகளில், அடுத்தடுத்த விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு நேரம் தொடர்ந்து குறைந்துவருவதை அவர் எடுத்துக்காட்டினார். செய்யச் செய்யவே கற்கிறோம் என்பது அதன் சாரம். அதே கட்டுரையில் அவர் ஓர் எச்சரிக்கையையும் வைத்தார். ஒரே சிக்கலை மீண்டும் மீண்டும் தீர்ப்பதால் வரும் கற்றல் விரைவில் வற்றிவிடும். கற்றல் வளர வேண்டுமானால் எதிர்கொள்ளும் சிக்கலும் புதிது புதிதாக மாறிவர வேண்டும்.

லாகோஸ்ட்டின் குறிப்பேடு செய்த வேலை இதுவே. அது ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் ஒரு புதிய கேள்வியைத் தந்தது. நேற்று அடித்த அடியை இன்றும் அடித்தார். ஆனால் நேற்றைய கேள்விக்காக அன்று, இன்றைய கேள்விக்காக. கை பழகியது, கூடவே கண்ணும் பழகியது. கண் பழகப் பழக, பிறர் காணாததைக் காணும் சிந்தனை தானே பிறந்தது.

அதன் விளைவு விரைவாக வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பொரோத்ராவுடன் இணைந்து இரட்டையர் பிரிவில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியில் அதே பொரோத்ராவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு, 1925-இல், பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். இரண்டு இறுதிப் போட்டிகளிலும் தோற்றவர் பொரோத்ரா. மட்டையை முதலில் தொட்டதிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். 1926-லும் 1927-லும் அமெரிக்கப் பட்டம், 1927-லும் 1929-லும் மீண்டும் பிரெஞ்சுப் பட்டம், 1928-இல் மீண்டும் விம்பிள்டன் என்று ஒற்றையர் பிரிவில் மொத்தம் ஏழு பெரும் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. 1926, 1927 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகின் முதல்நிலை வீரராக அவர் மதிப்பிடப்பட்டார்.

இந்த இடத்தில் இந்திய வாசகர் அறியவேண்டிய ஒரு செய்தி உண்டு. டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா முதன்முதலாகக் களமிறங்கியது 1921-இல். அந்த ஆண்டு நம் அணி முதலில் சந்தித்த நாடு பிரான்ஸ். முடிவு, இந்தியாவுக்கு 4-1 என்ற வெற்றி. நம்மிடம் தோற்ற அதே பிரான்ஸ்தான் ஆறே ஆண்டுகளில் டேவிஸ் கோப்பையைக் கைப்பற்றியது. 1927 முதல் 1932 வரை தொடர்ந்து ஆறு முறை அதனைத் தக்கவைத்துக்கொண்டது. 1924 முதல் 1929 வரை விம்பிள்டன் ஆடவர் பட்டம் பிரெஞ்சுக்காரர்களைத் தவிர வேறு எவரிடமும் செல்லவில்லை. ஒரு நாடு ஆறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு இது அளவுகோல்.

1927 செப்டம்பரில் பிலடெல்பியாவில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை டென்னிஸ் வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம். 1920 முதல் ஏழு ஆண்டுகள் கோப்பையைக் கைவிடாத அமெரிக்காவின் பெரும் தூண் பில் டில்டன். 1920 முதல் 1925 வரை தொடர்ந்து ஆறு முறை அமெரிக்கப் பட்டத்தை வென்றவர். நெடிய உருவமும் இடிபோன்ற சர்வீஸும் உடையவர். அப்போது அவருக்கு வயது 34. வலிமையை வலிமையால் வெல்ல முடியாது என்பது பிரெஞ்சு அணிக்குத் தெரிந்திருந்தது. டில்டனை ஒவ்வோர் ஆட்டத்திலும் நீண்ட நேரம் ஓடவைத்துக் களைக்கச்செய்வது என்பதே அவர்களின் திட்டம். முதல் நாளில் லாகோஸ்ட் ஜான்ஸ்டனை எளிதில் வென்றார். டில்டன் கோஷேயை வென்றார். இரண்டாம் நாள் இரட்டையர் ஆட்டத்தில் டில்டனும் ஹன்டரும் வென்றார்கள். ஆனால் அதற்கு ஐந்து செட்டுகள் ஆடவேண்டியிருந்தது. அமெரிக்கா 2-1 என முன்னிலையில் இருக்க, மூன்றாம் நாளில் லாகோஸ்ட் களைத்திருந்த டில்டனை நான்கு செட்டுகளில் வீழ்த்தினார். அடுத்து ஜான்ஸ்டனை கோஷே வெல்ல, கோப்பை அட்லாண்டிக் கடலைக் கடந்தது. சில நாள்களுக்குப் பின், அமெரிக்கப் பட்டத்தின் இறுதிப் போட்டியில் டில்டனை லாகோஸ்ட் மீண்டும் சந்தித்து 11-9, 6-3, 11-9 என்று நேர் செட்டுகளில் வென்றார். முதல் செட்டிலும் மூன்றாவது செட்டிலும் இருக்கும் அந்த எண்களே பொறுமையின் கதையைச் சொல்லும்.

கோப்பையைக் காக்கும் அடுத்த ஆண்டுப் போட்டிக்காகப் பாரிஸில் புதிய அரங்கு ஒன்று எழுப்பப்பட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த ரோலண்ட் காரோ என்ற விமானியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று பிரெஞ்சு ஓபன் நடைபெறும் அரங்கு அதுதான். மஸ்கட்டியர் நால்வரின் ஆட்டம் கட்டிய அரங்கு என்றும் அதனைச் சொல்லலாம். அந்த 1928 போட்டியில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. 35 வயது டில்டன், லாகோஸ்ட்டை ஐந்து செட்டுகளில் தோற்கடித்தார். லாகோஸ்ட்டின் பிழையற்ற ஆட்டத்துக்கு எதிராக டில்டன் தன் வழக்கமான வேக ஆட்டத்தை விடுத்து, பந்தைச் சுழற்றியும் வெட்டியும் தாளத்தைக் கலைத்தார். பயிற்சியின் பயன் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எதிராளியும் கற்கிறார் என்பதை அந்தத் தோல்வி காட்டியது. எனினும் கோப்பை பிரான்ஸிடமே நின்றது.

1929-இல் மூன்றாம் முறையாகப் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றபோது லாகோஸ்ட்டுக்கு 25 வயது நிறைந்திருக்கவில்லை. அதுவே அவருடைய கடைசிப் பெரும் பட்டம். இளமையிலிருந்தே தொல்லை தந்த சுவாச நோய் அவரை ஆடுகளத்திலிருந்து அகற்றிவிட்டது. 1932-இல் சிறிது காலம் திரும்பிவந்து ஆடினாலும், பழைய நிலை மீளவில்லை. மற்ற வீரர்களாக இருந்தால் வாழ்க்கை வரலாறு இங்கே முடிந்திருக்கும்; எஞ்சிய பக்கங்களை நினைவுகள் நிரப்பியிருக்கும். லாகோஸ்ட்டுக்கோ இன்னும் 67 ஆண்டு வாழ்வு பாக்கியிருந்தது.

ஆடிய காலத்திலேயே அவர் சில பொருள்களைச் செய்து பார்த்திருந்தார். தலைக்கு மேல் வரும் பந்தை ஓங்கியடிக்கும் அடியைப் பழக, ஒருவர் நின்று பந்தைத் தூக்கியனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். லாகோஸ்ட் பழகும் நேரத்துக்கு ஈடுகொடுக்க எந்தத் துணையாளராலும் இயலாது. எனவே, கையால் சுழற்றினால் பந்தை எறியும் பொறி ஒன்றை அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் டென்னிஸ் பயிற்சிக் கூடங்களில் இயங்கும் மின்பொறிகளுக்கு அதுவே முன்னோடி. பயிற்சியின் மீதிருந்த பசிதான் அந்தப் புனைவுக்கு வித்து என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டையின் கதையும் அப்படித்தான். அக்காலத்து வீரர்கள் கஞ்சி போட்ட காலரும் முழுக்கையும் கொண்ட வெள்ளைச் சட்டை அணிந்து, கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடினார்கள். வியர்வையில் நனைந்த அந்தத் துணி தோளோடு ஒட்டிக்கொண்டு வீச்சைத் தடுக்கும். நாள்தோறும் பல மணி நேரம் அதனை அணிந்தவருக்கே அந்தத் தொல்லை உறுத்தும். லாகோஸ்ட் பின்னல் துணியில், அரைக்கையும் மென்மையான காலரும் வைத்துத் தனக்கெனச் சட்டை தைத்துக்கொண்டார். அதனை அணிந்து பெரும் போட்டிகளிலும் ஆடினார். 1933-இல் பின்னலாடை உற்பத்தியாளரான ஆந்த்ரே ழில்லியேயுடன் சேர்ந்து அந்தச் சட்டையை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பூரின் தறிகளிலும் தையல் மேசைகளிலும் இன்று கோடிக்கணக்கில் உருவாகும் காலர் வைத்த பின்னலாடைகளின் குலமுறையைத் தேடிச் சென்றால், அதில் ஒரு கிளை அந்த ஆடுகள வியர்வையில் போய் முடியும்.

முதலை எப்படி வந்தது? 1920-களில் அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது, முக்கியமான ஆட்டமொன்றில் வென்றால் முதலைத்தோல் பெட்டி ஒன்றை வாங்கித்தருவதாக அணித்தலைவர் அவரிடம் பந்தயம் கட்டினார். லாகோஸ்ட் அந்த ஆட்டத்தில் தோற்றார். ஆனால் பந்தயத்தைக் கேள்விப்பட்ட செய்தியாளர் ஒருவர் அவரை முதலை என்றே எழுதத் தொடங்கினார். பிடித்த இரையை விடாதவர் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. நண்பரும் ஓவியருமான ராபர்ட் ஜார்ஜ் முதலை ஒன்றை வரைந்துதர, அது முதலில் லாகோஸ்ட்டின் மேலங்கியில் ஏறியது; பின்னர் சட்டையில் ஏறியது. ஆக, உலகப் புகழ்பெற்ற ஒரு வணிகச் சின்னம் தோல்வியடைந்த ஒரு பந்தயத்தின் நினைவுச்சின்னம். உடையின் உள்ளே மறைந்திருந்த வணிக முத்திரை வெளியே எல்லோரும் காணும் இடத்துக்கு வந்ததில் அந்த முதலைக்கு முதன்மையான பங்கு உண்டு. இன்றைய விளம்பரப் பொருளாதாரத்தின் நன்மை தீமைகள் இரண்டும் அதில் அடக்கம்.

என்னை மிகவும் ஈர்ப்பது அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்பு. மர மட்டைகளே உலகை ஆண்ட காலம் அது. மரம் ஈரத்தில் வளையும். ஆடாத நேரத்தில் மட்டையைச் சட்டத்தில் பூட்டித் திருகிவைக்க வேண்டும். தடித்த மரச்சட்டம் காற்றைக் கிழித்து வீசுவதற்குத் தடையாகவும் இருந்தது. 1961-இல், 57 வயதை நெருங்கியும் தாண்டியும் நின்ற லாகோஸ்ட், எஃகுக் குழாயை வளைத்து மட்டை செய்து காப்புரிமை பெற்றார். மெல்லிய குழாயில் துளையிட்டு நரம்பைக் கோத்தால் குழாய் வலுவிழக்கும். அதற்கு விடையாக, குழாயைச் சுற்றிக் கம்பியைச் சுருட்டி அந்தக் கம்பி வளையங்களில் நரம்பைக் கட்டினார். அமெரிக்காவில் வில்சன் நிறுவனம் டி2000 என்ற பெயரில் அதனை விற்றது. 1967-இல் பில்லி ஜீன் கிங் அமெரிக்கப் பட்டம் வென்றது அந்த மட்டையால். ஜிம்மி கானர்ஸ் பல ஆண்டுகள் அதனைக் கைவிடாமல் ஆடிப் பட்டங்களைக் குவித்தார். மரத்திலிருந்து உலோகத்துக்கும், அங்கிருந்து இன்றைய கார்பன் இழைக்கும் டென்னிஸ் நகர்ந்த பாதையில் அது முதல் பெரும் அடி.

பெரும் போட்டிகளிலிருந்து விலகி முப்பது ஆண்டுகள் கழித்தும் மட்டையின் குறை ஒருவருக்கு நினைவிருக்கிறது என்றால், அந்தக் குறையை அவரது கை எத்தனை இலட்சம் முறை உணர்ந்திருக்க வேண்டும்! குறையை ஒரு முறை உணர்பவர் எரிச்சலடைகிறார். நூறு முறை உணர்பவர் பழகிக்கொள்கிறார். அதனைக் குறித்துவைத்துக்கொண்டே இலட்சம் முறை உணர்பவர் மாற்று வழியைக் கண்டுபிடிக்கிறார்.

இந்த உண்மை நமக்குப் புதிதன்று. மணலில் தோண்டிய கேணி தோண்டத் தோண்ட ஊறுவதைப் போலக் கல்வி பெருகும் என்று வள்ளுவர் கண்டார். காரைக்கால்மேட்டின் கரையில் வலை சீர்செய்யும் மூத்த மீனவரைச் சற்று நேரம் கவனித்தால் அது விளங்கும். வலையூசி அவருடைய விரல்களில் பேச்சின் நடுவே தானாகவே ஓடும். கிழிசலின் வடிவத்தைப் பார்த்தே எந்தக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்வார். ஒரே விதமாகக் கிழிந்த இரண்டு வலைகள் இல்லை. ஆகவே, ஒரே விதமான இரண்டு தீர்வுகளும் இல்லை. பழக்கமும் புனைவும் ஒரே கையில் சேர்ந்திருக்கின்றன.

காவிரிப் படுகையின் இசை மரபு இதற்கு இரண்டு சொற்களையே வைத்திருக்கிறது. விடியற்காலையில் ஒரே வரிசையை மீண்டும் மீண்டும் பழகுவது சாதகம். மேடையில் முன்கூட்டித் திட்டமிடாமல் இராகத்தை விரித்துச் செல்வது மனோதர்மம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை இன்றும் பேசப்படுகிறது. சாதகம் இல்லாத மனோதர்மத்தை நம் இசையுலகம் மதித்ததில்லை; மனோதர்மத்தில் மலராத சாதகத்தையும் அது போற்றியதில்லை. ஒன்று வேர், மற்றொன்று பூ.

டென்னிஸிலும் தமிழ்நாட்டுக்குச் சொந்தச் சான்று உண்டு. தந்தை டி.கே.ராமநாதனிடம் ஆட்டம் கற்ற ராமநாதன் கிருஷ்ணன், 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவருடைய சர்வீஸ் வேகமானதன்று. பந்தை வைக்கும் இடத்தாலும் தொடும் நயத்தாலும் வலிமையாளர்களை அவர் திணறடித்தார். 1966-இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குச் சென்றதில் அவர் பங்கு பெரிது. அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறைப் பயிற்சி ஒரு குடும்பத்தில் ஒரு பாணியையே உருவாக்கியது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. லாகோஸ்ட் செல்வந்தரின் மகன். படிப்பை ஒதுக்கிவிட்டு ஐந்து ஆண்டுகள் பந்தடிக்கும் வாய்ப்பை அவருக்கு அளித்தது தந்தையின் பணம். எந்தப் பயிற்சிக்கும் முதல் மூலதனம் நேரம். நேரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. விடியுமுன் மீன் ஏலத்துக்குச் செல்லும் தாய்க்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு வரும் சிறுமிக்கும், காரில் வந்து இறங்கும் சிறுவனுக்கும் ஒரு நாளில் 24 மணி நேரம்தான் என்று சொல்வது கணக்கு, உண்மையாகாது. பயிற்சியைப் புகழ்ந்துவிட்டு, பயிற்சிக்கான நேரத்தை ஏழைக்கு மறுக்கும் சமுதாயம், திறமை பிறவியிலேயே வருகிறது என்ற பொய்யை உண்மையாக்கிக் காட்டிக்கொள்கிறது.

அதனால்தான் பள்ளி நேர அட்டவணையில் உள்ள விளையாட்டு வகுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி நேரம் அது ஒன்றே. பொதுத்தேர்வு ஆண்டு வந்ததும் பல இடங்களில் அந்த வகுப்பு கணக்குக்கோ அறிவியலுக்கோ கைமாறுகிறது. மாலையில் தனிப்பயிற்சி, இரவில் மாதிரி வினாத்தாள். அங்கே நடப்பதும் பயிற்சிதானே என்று பெற்றோர் கேட்பர். அது ஆரோ எச்சரித்த வகை: ஒரே வினாவுக்கு ஒரே விடையை மீண்டும் மீண்டும் எழுதுவது. அதன் பயன் தேர்வுக் கூடத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. நான் பல ஆண்டுகள் கல்லூரி வகுப்பறையில் கண்டதும் இதுவே. வினா சற்றே திருகி வந்தால் மதிப்பெண் மிகுந்த மாணவரே முதலில் தடுமாறுவார். அங்கே குறைவு அறிவில் இல்லை, பழகிய விதத்தில் இருந்தது.

செய்யவேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. டென்னிஸ் ஆடுகளம் எல்லாப் பள்ளிக்கும் இயலாது. ஆனால் சுவர் இல்லாத பள்ளி இல்லை. பழைய பந்தும் பலகையில் செதுக்கிய மட்டையும் போதும். எங்கள் கடற்கரையில் கைப்பந்துக்கும் கபடிக்கும் மணல்வெளி காத்திருக்கிறது. எந்த ஆட்டம் என்பது பொருட்டன்று. நாள்தோறும் அரைமணி நேரம் பறிபோகாமல் இருப்பதே பொருட்டு. அதனுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு கொடுக்கலாம். இன்று எது தவறியது, ஏன் தவறியது, நாளை எதை மாற்றிப் பார்க்கலாம் என்று மூன்று வரி எழுதச் சொல்லலாம். மதிப்பெண் வேண்டாம், ஆசிரியர் படித்துப் பார்த்தால் போதும். விளையாட்டில் தொடங்கும் இந்தப் பழக்கம் கணக்குக்கும் கட்டுரைக்கும் தானே பரவும்.

லாகோஸ்ட் 1930-இல் சிமோன் தியோன் தெ லா ஷோம் என்ற கோல்ஃப் வீராங்கனையை மணந்தார். 1927-இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்றவர் அவர். இவர்களின் மகள் காத்தரின் 1967-இல் அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் பட்டத்தைத் தொழில்முறை சாராத வீராங்கனையாகவே வென்றார். பயிற்சியை அன்றாட உணவாகக் கொண்ட வீட்டில் பிள்ளைகள் எதனை உண்டு வளர்கிறார்கள் என்பதற்கு இது சான்று. 1976-இல் நான்கு மஸ்கட்டியர்களும் ஒருசேர டென்னிஸ் புகழ் மன்றத்தில் இடம்பெற்றனர். 1996 அக்டோபர் 12 அன்று, பிரான்ஸின் தென்மேற்குக் கடற்கரை ஊரான சென்-ழான்-த-லூஸில் லாகோஸ்ட் தம் 92-ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் கடைகளில் விலைக்குக் கிடைப்பது சட்டை மட்டுமே. அந்தக் குறிப்பேட்டுப் பழக்கத்துக்கு விலை கிடையாது, முத்திரையும் கிடையாது. ஒரு பென்சிலும் நாள்தோறும் அரைமணி நேரமும் இருந்தால் நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது வாய்க்கும். அந்த அரைமணி நேரத்தைப் பறிக்காமல் இருப்பது பெரியவர்களாகிய நம் கையில் இருக்கிறது.